தெற்குத் தீவில் ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

1

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வாசிப்பவருக்கும் எனக்கும் இடையில் மரியாதைப் பிரச்சினை எதுவும் இருக்காது. சொந்த மகனோடு கதைப்பதற்கு நான் ஒத்திகை பார்த்தேன். ஆங்கிலத்தில். நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஒரு மோட்டல் குளியலறையில், தோளில் துவாயோடு, கண்ணாடியில் தெரிந்த வழுக்கைத்தலையரை மகனாகப் பாவித்து.

உரை நல்ல உரை. பல வாரமாக மனதுக்குள் ஆக்கியது. ஒக்லாந்து நகரின் ஹெண்டர்சனில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் என்னோடு சரக்கு ஏற்றும் சமோவாக்காரர் சியோனே, மதிய இடைவேளைகளில் அதைக் கேட்டுத் திருத்தித் தந்தார். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"இது உன் மகனுக்கா, வங்கிக்கா?" என்றார்.

'குடும்பத்தில் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது' என்று நான் தொடங்கியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, 'எங்களுக்கு ஆசையாக இருக்கிறது' என்று போடச் சொன்னார். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ஆசையாக இருக்கிறது என்று என் தகப்பனார் என்னிடம் எதையும் சொன்னதாக நினைவில்லை. ஆசை பிள்ளைகளுக்கு வருவது. பெற்றோருக்குத் தீர்மானம்தான் வரும். ஆனால் சியோனேவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அனுபவசாலி சொன்னால் கேட்கவேண்டும்.

ஏன் ஆங்கிலம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். மகன் ஆதவன் இங்கே பிறந்தவன். தமிழ் அவனுக்கு ஓரளவுக்கு விளங்கும். சோறு, குளிப்பு, நித்திரை, கதவைச் சாத்து, காரைக் கவனமாய் ஓடு: இவ்வளவுக்கும் எங்கள் வீட்டுத் தமிழ் தாராளம். பதில் ஆங்கிலத்தில் வரும். நாங்கள் அதைத் தமிழில் விளங்கிக்கொள்வோம். இப்படியே அவன் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்கும் போய்விட்டான். ஆனால் நெஞ்சில் கிடப்பதை எடுத்து மேசைமேல் வைக்கவேண்டும் என்றால் அவனுடைய தமிழும் போதாது, என்னுடைய ஆங்கிலமும் போதாது. நடுவில் ஒரு பள்ளக் கிடங்கு. அதன்மேல் போட்ட பலகைதான் அந்த உரை.

உரையின் சாரம் ஒரே வரி: வீட்டுக்கு வா.

2

ஒக்லாந்தில், ரானுயியில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நின்றதாகச் சரித்திரம் இல்லை. பழைய மெத்தை, ஒருதரும் இடிக்காத உரல், ஓய்வு பெற்றபின் வாசிக்கலாம் என்று நான் சேர்த்துவைத்த புத்தகங்கள், அவற்றை ஓய்வுக்குக் காத்திராமலே வாசித்துக்கொண்டிருந்த எலிகள். அந்தக் கராஜைத்தான் போன வருடம் அறையாக்கினேன்.

காரணம் எளிது. ஆதவன் தெற்கே ஒரு பால்மா தொழிற்சாலையில் பொறியியலாளன். இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் பிள்ளை வீட்டுக்கு வரும். வளர்ந்த ஆண்பிள்ளையை, சுவரில் டைனோசர் ஒட்டிய சின்ன அறையில் மறுபடி படுக்கவைக்க முடியாது. எனவே தனிவாசல், தனிக் குளியலறை, யன்னலைத் திறந்தால் எலுமிச்சை மரம். எங்கள் ஆட்கள் பிள்ளைகளிடம் கேட்பதில்லை, ஆயத்தம் செய்வோம். ஆயத்தம் செய்துவிட்டால் கேட்டது மாதிரித்தான். என் தகப்பனாரும் அப்படித்தான் என்னைக் கணக்கியல் படிக்கவைத்தார்; நான் வகுப்புக்குப் போனபோது கட்டணம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

கவுன்சில் அனுமதிக்காக ஓடியபோதுதான், ஒரு மனிதன் இந்த நாட்டில் அகதியாக ஏற்கப்படுவதைவிட ஒரு கராஜ் அறையாக ஏற்கப்படுவது கடினம் என்று தெரிந்தது. இரண்டையும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரைபடம், ஈரம் புகாமை, புகை எச்சரிக்கை மணி, கூரைக்குள் குளிர்காப்புப் பஞ்சு. கடைசியாக வந்து பார்த்த அதிகாரி தன்மையான மனிதர்.

"யார் இருக்கப்போகிறார்?" என்று கேட்டார்.

"மகன்."

"எப்போது வருகிறார்?"

"அவன் இன்னும் சொல்லவில்லை" என்றேன்.

அவர் படிவத்தில் கையெழுத்து வைத்தார். அறை மனிதர் வசிக்கத் தகுந்தது என்று சான்று வந்தது. மனிதர்தான் பாக்கி.

கட்டில் தந்தவர் வெங்கட். பாட்டனி டவுன்ஸில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர், கணினி வேலை. தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, என்னோடு சேர்ந்து கட்டிலைப் பொருத்திப் பூட்டிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"சூப்பரா இருக்குண்ணா. பையன் என்ன சொல்றான்?"

"அவனுக்கு இன்னும் சொல்லேல்லை."

"என்னது? அவன்கிட்ட பேசவே இல்லையா?"

"கதைக்க என்ன இருக்கு? ஒப்பந்தம் முடியுது, வாறான்."

"தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு மாடியிலதான் இருக்கா. சாப்பிட வாடான்னு கூப்பிடவே நான் மெசேஜ் போட்டு அப்பாயிண்ட்மென்ட் வாங்குறேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணா."

நான் சிரித்தேன். எதையும் கேட்டுச் செய்வது தமிழ்நாட்டாரின் பலவீனம் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஆதவனே தொலைபேசியில் வந்தான். அவன் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் இங்கே நான் தமிழில் தருகிறேன். இதில் அவன் அசலைவிடக் கொஞ்சம் பணிவானவனாகத் தெரிவான். அது மொழிபெயர்ப்பவரின் சபலம்.

"உங்கள் கலியாண நாளுக்கு இரண்டுபேரும் இங்கே வாருங்கள். சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு விஷயம் சொல்லவும் இருக்கிறது."

போனை வைத்ததும் என் மனைவி ரஞ்சினி கேட்டாள். "என்னவாம் விஷயம்?"

"எப்ப வாறன் எண்டு சொல்லப்போறான். வேற என்ன?"

அவள் கழுவிக் கவிழ்த்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினாள்.

3

தெற்கே இன்வர்கார்கிலில் விமானத்தால் இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். வழியெல்லாம் ஆடுகள், ஆடுகளுக்குப் பின்னால் ஆடுகள். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து நிற்கின்றன. காற்று அவற்றைப் பார்த்து, இந்தப் பக்கம் போ என்று பிறந்த நாளிலிருந்து சொல்லியிருக்கவேண்டும். கேட்டு வளர்ந்த மரங்கள்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே வசிக்கும் ஒரேயொரு தமிழன் யாரென்று தெரிந்துவிடும். அவன் இந்தக் குறிப்பை வாசிக்கப்போவதில்லை என்றாலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஒரு பிரதான வீதி. மணிக்கூட்டுக் கோபுரம். உழவு இயந்திரம் விற்கும் கடை, இரண்டு மதுச்சாலை, ஒரு சிப்ஸ் கடை. வீதி முடியும் இடத்தில் மஞ்சள் விளக்குப் போட்ட ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடை. ஊருக்கு வெளியே, மேகத்துக்குள் ஆவி விட்டுக்கொண்டு, மகனின் தொழிற்சாலை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பால்மா என்பது கனவில் வரும் பொருள். பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்று எங்கள் அடுப்படியில் சீனி போட வைத்திருந்தோம். அதன் வெளியே பச்சைப் புல்லில் ஒரு பசு நிற்கும். பால் இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டு நான் அந்தப் பசுவைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது வந்து, உனக்கு ஒரு மகன் பிறப்பான், அவன் உன்னை விட்டுவிட்டு இந்தப் பசுவிடம் போய்விடுவான் என்று சொல்லியிருந்தால் நான் மகிழ்ச்சியில் குதித்திருப்பேன். வரத்தையும் சாபத்தையும் ஒரே பேணியில்தான் அடைத்து அனுப்புகிறார்கள்.

பின்னேரம் ஆதவனின் பிளாட்டுக்குப் போனோம். ஒரு அறை, ஒரு சோபா, சுத்தமான சமையல் மேடை. சுத்தம் எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்கவேண்டும். சமைக்காத வீடுதான் அப்படிச் சுத்தமாக இருக்கும். தேநீர் போட்டான். அரை மனிதன் உயரத்திலிருந்து என் அளவுக்கு மேலே வளர்ந்துவிட்ட பிள்ளை, கரண்டியோடு திரும்பி நின்று என்னைக் கேட்டான்:

"உங்களுக்குச் சீனி போடவா?"

இதுதான் நடந்தது. வேறு ஒன்றுமில்லை. நான் எப்படித் தேநீர் குடிப்பேன் என்று அவனுக்கு நினைவில்லை. நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். கொண்டாவிலிலிருந்து கொக்குவிலில் இருந்த ரஞ்சினி வீட்டுக்கு நானும் அப்படித்தான் போனேன். பக்கத்து ஊர், சைக்கிளில் பாட்டு ஒன்று பாடி முடிக்குமுன் போய்விடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தேன். அம்மா தேநீர் தந்தார். நான் வழமையாகக் குடிக்கும் மூக்குப்பேணியில் அல்ல. அலுமாரியிலிருந்து இறக்கிய பூப்போட்ட கோப்பையில், சோசரோடு. வந்தவர்களுக்குக் கொடுக்கும் கோப்பை. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

"ஒரு கரண்டி" என்று ஆதவனுக்குச் சொன்னேன். எனக்கு இரண்டு வேண்டும். விருந்தாளிகள் அப்படித்தான், குறைத்துச் சொல்வார்கள்.

4

கலியாண நாள் வெள்ளிக்கிழமை விழுந்திருந்தது. எனவே மரக்கறி. இந்த நாட்டுச் சாப்பாட்டுக்கடைகளில் 'நாங்கள் இன்றைக்கு மரக்கறி' என்பதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. பரிசாரகப் பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இன்றைக்கு என்றால்? நாளைக்கு? நாளைக்கு ஆட்டிறைச்சி. அப்படியென்றால் மீன் கொண்டுவரவா? சின்ன வயதில் இந்த உரையாடல் தொடங்கியதும் ஆதவன் மேசைக்குக் கீழே போய்விடுவான். தாய்லாந்துச் சாப்பாட்டில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன்சோஸ் என்று எங்கோ வாசித்திருந்தேன். ரஞ்சினி எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பைக்குள் தேங்காய் ரொட்டியும் இடிசம்பலும் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

கடை வாசலில் பண்ணைக்காரரின் சேற்றுக் கம்பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே அந்தப் பெரிய மனிதர்கள் காலுறையோடு உட்கார்ந்து நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் பொன்நிற யானை, அதன் பக்கத்தில் உள்ளூர் ரக்பி அணி. மூலையில் ஒரு குட்டிப் படையல் மாடம். தெய்வத்துக்குச் சிவப்புச் சோடா, உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ரோவோடு.

எங்களுக்கு வைத்திருந்த மேசையில் ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எழுந்து கைகூப்பினாள்.

"இது நொய்" என்றான் ஆதவன். "என்னோடு தொழிற்சாலையில், ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். அவளுடைய அம்மாவின் கடைதான் இது."

"நல்ல கடை" என்றேன் நான். முதலாளியின் மகள் வாடிக்கையாளரை வரவேற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, எங்களுக்கு மெனு வேண்டும் என்றும் சொன்னேன்.

ரஞ்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து அந்தப் பார்வைக்கு ஒரே பொருள்தான்: மனுசா.

அந்தப் பெண் சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். சவுத்லாண்ட்காரர் மாதிரி ரகரத்தை உருட்டிப் பேசினாள். கவனித்தபோது என் மகனும் உருட்டினான். வல்லின றகரத்துக்காகச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் மெனக்கெட்டும் ஒன்றும் உருளாத பிள்ளை.

அடுப்படியிலிருந்து நொய்யின் தாய் பிரணி வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். ஏப்ரன், நெற்றியில் வியர்வை. நான் தொண்டையைச் செருமி, இன்றைக்கு மரக்கறி என்ற நெடும்போருக்கு ஆயத்தமானேன். அதற்குள் ஆதவன் அவரைப் பார்த்து ஏதோ சொன்னான். ஆங்கிலம் அல்ல. தமிழ் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏறி இறங்கி, மூக்கால் கொஞ்சம் போய், 'ஜே' என்று முடிந்தது. தயங்கித் தயங்கித்தான் சொன்னான். பிழையும் விட்டிருப்பான் போல. நொய் சிரித்துக்கொண்டு ஒரு சொல்லைத் திருத்த, அவன் திருப்பிச் சொன்னான். கூச்சப்படவில்லை. முகம் சிவந்து, ஆசையாக, படித்துக்கொள்ளவேண்டும் என்ற பிள்ளையின் முகத்தோடு மறுபடி சொன்னான்.

அந்த முகத்தை நான் முன்பின் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் காரில் பின்னால் இருந்த முகம் வேறு.

பிரணி எங்களைப் பார்த்து, "இண்டைக்கு ஜே?" என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப்போல ஊன்றுகோலோடு நடப்பது. எனக்கு நன்றாக விளங்கியது: ஜே என்றால் மரக்கறி. "என்ர அம்மாவும். புத்தர் நாள், இறைச்சி இல்லை. மற்ற நாள், எல்லாம். உள்ளி வெங்காயம் சரியோ? அதுவும் வேண்டாமோ?"

"சரி, சரி, உள்ளி சரி" என்றாள் ரஞ்சினி. அவள் குரலே மாறிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் எங்களை ஒரு சாப்பாட்டுக்கடையில் அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்.

"வேற தாச்சியில சமையல். மீன்சோஸ் இல்லை" என்றுவிட்டு உள்ளே போனார்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாடு மோசமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு துளி மீன்சோஸ் பிடிபட்டிருந்தால் போதும். ஒரு நாகரிகத்தையே தூக்கி எறிந்திருப்பேன். சோயாக்கட்டியும் துளசியும் பிரட்டியது வந்தது. பச்சைக் கத்தரிக்காயும் தேங்காய்ப்பாலும் வந்தது. ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு வாயில் வைத்தேன், ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. ரஞ்சினி இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டாள். கைப்பை திறக்கப்படவே இல்லை.

"மே!" என்று ஆதவன் அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டு, இன்னும் சோறு என்று சைகை காட்டினான்.

"மே எண்டால் அவவின்ர பேரோ?" என்று ரஞ்சினி மெதுவாகக் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். ஆதவனுக்கு விளங்கியது. அவன் தட்டைப் பார்த்தான்.

அவன் தட்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கேள்வியை ஊகித்து, நொய்தான் சொன்னாள். "மே என்றால் அம்மா."

5

இனியும் தாமதிக்கக் கூடாது என்று பட்டது. தண்ணீர் குடித்தேன். சியோனே சொல்லித் தந்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினேன்.

"மகனே, உன்னுடைய ஒப்பந்தம் முடிகிறது. எங்களுக்கு ஆசையாக இருக்கிறது..."

"அப்பா, கராஜைப் பற்றி எனக்குத் தெரியும்" என்றான் அவன். அவன் தமிழில் சொல்லும் சொற்களில் அப்பாவும் ஒன்று. "அம்மா படம் அனுப்பினா. அழகாக இருக்கிறது. உண்மையாக."

நான் ரஞ்சினியைப் பார்த்தேன். அவள் கத்தரிக்காயைப் பார்த்தாள்.

"ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சொல்ல வேண்டும் என்று..." அவன் நொய்யின் பக்கம் திரும்பினான். "நாங்கள் கலியாணம் செய்யப்போகிறோம். கடைக்குப் பின்னால் வீடு. மே தனியாக இருக்கிறா. நான் அங்கே போய்விடுவேன்."

பலகை விழுந்துவிட்டது. உரையில் அடுத்து இருந்தது எலுமிச்சை மரம். அதற்கடுத்து, உனக்குப் பிடித்த நேரம் வரலாம் போகலாம் என்ற வசனம். சியோனே அதைத்தான் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர். இரண்டையும் விழுங்கினேன். மேலே தேங்காய்ப்பால் ஒரு கரண்டி.

பிரணி சோற்றோடு வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். முகங்களைப் பார்த்ததும் சொல்லியாயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ரஞ்சினியின் கைமேல் தன் கையை வைத்தார்.

"எங்கட ஊர், ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்கு வாறது. பொம்பிளை போறதில்லை. உங்களுக்குக் கவலையோ?"

"இல்லை, இல்லை" என்றாள் ரஞ்சினி. "எங்களுக்கும் அதேதான். இவரும்," என்று கரண்டியால் என்னைக் காட்டினாள், "எங்கட அம்மா வீட்டுக்கு வந்தவர்தான்."

பிரணி கைதட்டிச் சிரித்தார். மகளுக்குத் தங்கள் மொழியில் சொன்னார், நொய் சிரித்தாள். பக்கத்து மேசைக் காலுறைக்காரர் ஒருவர், காரணம் தெரியாமலே, எங்களைப் பார்த்துக் குவளையை உயர்த்தினார். எங்களுக்குக் கலியாண நாள் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

ஆதவன் மட்டும் சிரிக்கவில்லை. "உண்மையாகவா, அப்பா? நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே."

சொல்லவில்லைத்தான். போர், இடப்பெயர்வு, விசா, இங்கே நான் கழுவிய கோப்பைகள் எல்லாம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை என்று நாங்கள் ஒதுக்கிவைத்தவை அவைதான். ஒரு சாதாரண மனிதன் ஒரு சாதாரண நாளில் பெட்டியோடு சைக்கிளில் பக்கத்து ஊருக்குப் போனதை யார் சொல்வார்கள்?

"அப்பம்மாவுக்குக் கவலையாக இருக்கவில்லையா?" என்று கேட்டான். அப்பம்மா என்பதைத் தமிழில் சொன்னான். அவன் பார்த்தேயிராத என் தாய்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மனிதன் பிள்ளையிடம் உண்மை சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. வயிறு நிறைந்திருக்கிறது, பிள்ளை அவனாகக் கேட்கிறான், கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்காமல் என்னையே பார்க்கிறான். பூப்போட்ட கோப்பை என் வாய்வரைக்கும் வந்தது. அதற்கு ஆங்கிலம் தேடினேன். கோப்பைக்கு ஆங்கிலம் இருக்கிறது, சோசருக்கும் இருக்கிறது. அம்மா அதை நீட்டிய விதத்துக்கு இல்லை.

"இல்லை. அவவுக்கு அது பரவாயில்லை" என்றேன், ஆங்கிலத்தில்.

அன்றைக்கு நான் தடுமாறாமல் பேசிய ஒரே ஆங்கில வசனம் அது. உண்மை இல்லாவிட்டால் இலக்கணம் தானாக வருகிறது.

ஆதவனின் தோள்கள் இறங்கின. "நல்லது" என்றான். அவன் எவ்வளவு நேரமாக அவற்றைத் தூக்கி வைத்திருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சோறு போட்டான். நான் போதும் என்று சொல்லியும் போட்டான். அந்தச் சோற்றை நான் முழுவதும் சாப்பிட்டேன்.

வெளியே வரும்போது பிரணி ஒரு பெட்டியில் மாம்பழமும் இனிப்புச் சோறும் கட்டித் தந்தார். ஆதவன் எங்களைக் கார்வரைக்கும் கொண்டுவந்து விட்டான். தாயைக் கட்டிப்பிடித்தான். என்னையும் கட்டிப்பிடித்தான், நாங்கள் இருவரும் அதில் பழக்கமில்லாதவர்கள், மூக்குக்கண்ணாடி இடித்தது. "கவனமாய் ஓடுங்கோ" என்றான் தமிழில். நாங்கள் அவனுக்குக் கொடுத்தவற்றில் மிச்சமிருந்த ஒரு வசனம். பிறகு திரும்பி, கடைக்கு முன்வாசலால் போகாமல், பக்கத்து ஒழுங்கையால் பின்னுக்குப் போனான். இருட்டிலும் தடுமாறாமல் போனான். வழி தெரிந்தவன் நடை.

மோட்டலுக்கு வந்து ரஞ்சினி கைப்பையைத் திறந்து ரொட்டியைக் குப்பைக்கூடைக்குள் போட்டாள். சாப்பாட்டை எறியாதவள்.

6

மனிதனுக்கு நித்திரை வராவிட்டால் தத்துவம் வரும். மறுநாள் இன்வர்கார்கில் விமான நிலையத்தில் காத்திருந்தபோது எனக்கு ஒன்று முழுதாக வந்து சேர்ந்திருந்தது. வாசித்த புத்தகங்கள் வீண்போகவில்லை. ரஞ்சினி எனக்குப் பக்கத்தில், காலடியில் பையோடு, ஓடுபாதையில் சரிந்து பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் அதை விளங்கப்படுத்தினேன்.

"இஞ்ச பார், ரஞ்சி. நாங்கள் தோத்துப்போகேல்லை. யோசிச்சுப் பார். மொழி போயிட்டுது, சரி. கோயில் போயிட்டுது, சரி. ஆனா யாழ்ப்பாணத்தான்ர அடிப்படை வழக்கம் என்ன? ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்குப் போறது. ஆரும் சொல்லிக் குடுக்காமலே அவன் அதைச் செய்யிறான் பார். ரத்தத்தில இருக்கு. ஒக்லாந்தில எங்கட ஆக்களின்ர பிள்ளையள் எத்தினை பேர் அப்பிடிச் செய்யினம்? எல்லாம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தனிய வீடு எடுக்குதுகள். எங்கட பிள்ளை ஒருத்தன்தான் ஊர் வழக்கத்தைக் காப்பாத்திறான். அதுவும் உலகத்தின்ர கடைசி மூலையில வந்து."

சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. நல்ல தத்துவம். இதற்கு ஒரு கட்டுரைகூட எழுதலாம் என்று பட்டது.

ரஞ்சினி மழையைப் பார்த்தபடியே இருந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

"நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்தது வழக்கம்" என்றாள். "ஊர் சொன்னது, வந்தனீங்கள். அவனுக்கு ஆரப்பா சொன்னது? அவன் விரும்பிப் போறான். காலைக் கொஞ்சம் எடுங்கோ, பையை எடுக்கவேணும். கூப்பிடுறாங்கள்."